தனித்து வாழ்வோருக்கு 25 சதவீத வரித் தள்ளுபடி: பிரிட்டனில் யாருக்குப் பயன், யாருக்குப் பாரம்?

பிரிட்டனில் ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டுமே வசித்தால், அந்த வீட்டுக்குரிய உள்ளாட்சி வரியில் கால் பங்கு தள்ளுபடி செய்யப்படுகிறது. இங்கிலாந்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு வீடு, இந்தச் சலுகையைப் பெற்று வருகிறது. கணவரை இழந்த முதியவர், குழந்தையைத் தனியே வளர்க்கும் தாய், சிறு குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் இளைஞர், பெரும் மாளிகையில் தனித்து வாழும் செல்வந்தர் என அனைவருக்கும் ஒரே விகிதம்தான். வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே எழுவதில்லை.

2025 நவம்பர் 26 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தாக்கல் செய்த பட்ஜெட்டில், இங்கிலாந்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளின் உரிமையாளர்கள் மீது 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 பவுண்டு முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி விதிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. விலையுயர்ந்த வீடுகள் மீது கை வைத்த அரசு, தனியாள் தள்ளுபடியைத் தொடவில்லை. நிதி நெருக்கடியில் தவிக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பெருந்தொகை மிச்சப்படுத்தக்கூடிய இச்சலுகையை அடுத்தடுத்து வந்த அரசுகள் விட்டுவைத்திருப்பதற்கான காரணம், அது பிறந்த கதையிலேயே இருக்கிறது.

வீட்டுக்கா, ஆளுக்கா?

பிரிட்டனில் நீண்டகாலமாக நடைமுறையில் இருந்த ‘ரேட்ஸ்’ என்னும் உள்ளாட்சி வரி, வீட்டின் வாடகை மதிப்பை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் வரி ஒன்றே. ஓய்வூதியத்தில் தனியே வாழும் மூதாட்டியும், அதே அளவுள்ள அடுத்த வீட்டில் சம்பாதிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பமும் ஒரே தொகையைக் கட்ட வேண்டுமா என்பது அன்றைய விமர்சகர்கள் அடிக்கடி முன்வைத்த கேள்வி.

இக்கேள்விக்கு மார்கரெட் தாட்சர் அரசு கண்ட விடை, வீட்டை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் வரி விதிப்பது என்பதாகும். ‘சமூகக் கட்டணம்’ என்பது அதன் அதிகாரபூர்வப் பெயர். மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தனர். ஸ்காட்லாந்தில் 1989-லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-லும் அது நடைமுறைக்கு வந்தது. மூதாட்டியின் குறை தீர்ந்தது. ஆனால் பிரபுவும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே தொகை கட்டும் நிலை உருவானது. லட்சக்கணக்கானோர் வரி கட்ட மறுத்தனர். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நடைபெற்ற போராட்டம் கலவரமாக வெடித்தது. அவ்வாண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கான காரணங்களுள் தலைவரியும் ஒன்று.

அவருக்குப் பின் வந்த ஜான் மேஜர் அரசு, 1992-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் வாயிலாக ‘கவுன்சில் வரி’ என்னும் சமரச ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த வரியில் பாதி வீட்டுக்கு, பாதி அதில் வசிப்போருக்கு என்பதே அடிப்படைக் கருத்து. வீட்டில் வயது வந்தோர் இருவர் வசிப்பதாகக் கொண்டு வரி நிர்ணயிக்கப்படுகிறது. ஒருவர் மட்டுமே இருந்தால் ஆளுக்குரிய பாதியில் பாதி, அதாவது மொத்தத்தில் 25 சதவீதம், குறைக்கப்படுகிறது. இருவருக்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் வரி கூடுவதில்லை. தனியாள் தள்ளுபடி ஏழைகளுக்கான உதவித் திட்டமாகத் தொடங்கப்பட்டதன்று. வீட்டு வரிக்கும் தலைவரிக்கும் இடையே எட்டப்பட்ட உடன்பாட்டின் எச்சம் அது.

1991 விலையில் இன்றைய வரி

தள்ளுபடியின் விளைவைப் புரிந்துகொள்ள, வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிய வேண்டும். இந்திய நகரங்களில் சொத்து வரியைப் பொதுவாக உரிமையாளர் செலுத்துகிறார். பிரிட்டனிலோ கவுன்சில் வரியை வீட்டில் குடியிருப்பவரே, அவர் வாடகைதாரராக இருந்தாலும், பெரும்பாலும் செலுத்த வேண்டும்.

இங்கிலாந்தில் வீடுகள் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. 1991 ஏப்ரல் 1 அன்று வீடு என்ன விலை போயிருக்கும் என்பதே அளவுகோல். அன்று 40,000 பவுண்டுக்கு உட்பட்டிருந்தால் ஏ பிரிவு. 3,20,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் எச் பிரிவு. மதிப்பீட்டாளர்கள் பல தெருக்களில் காரை மெதுவாக ஓட்டியபடியே வீடுகளை நோட்டமிட்டுப் பிரிவைக் குறித்த கதை இன்றும் பேசப்படுகிறது. அதன்பின் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மறுமதிப்பீடு நடைபெறவேயில்லை. இன்று கட்டி முடிக்கப்படும் புதிய வீட்டுக்கும் 1991-இல் அது என்ன விலை பெற்றிருக்கும் என்று மதிப்பிட்டே பிரிவு ஒதுக்கப்படுகிறது.

நடுநிலைப் பிரிவான டி பிரிவு வீட்டுக்கு 2025-26 நிதியாண்டில் இங்கிலாந்தின் சராசரி வரி 2,280 பவுண்டு. ஏ பிரிவு வீடு இதில் மூன்றில் இரண்டு பங்கையும், எச் பிரிவு வீடு இரு மடங்கையும் கட்டுகிறது. அதாவது மிக மலிவான வீட்டுக்கும் மிக விலையுயர்ந்த மாளிகைக்கும் இடையே வரி வேறுபாடு மூன்று மடங்கு மட்டுமே. 1991 விலையிலேயே பார்த்தாலும் இவ்விரு பிரிவுகளின் எல்லைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு எட்டு மடங்கு.

வசதிக்கு ஏற்ப வளரும் சலுகை

மேற்கண்ட சராசரியைக் கொண்டு தள்ளுபடியைக் கணக்கிட்டால் ஒரு முரண் தெரிகிறது. ஏ பிரிவு வீட்டில் தனியே வசிப்பவருக்கு ஆண்டு வரி 1,520 பவுண்டு; தள்ளுபடி 380 பவுண்டு. டி பிரிவில் தள்ளுபடி 570 பவுண்டு. எச் பிரிவு மாளிகையில் தனியே வசிப்பவருக்கோ 1,140 பவுண்டு. வீடு பெரிதாகப் பெரிதாகச் சலுகையும் பெரிதாகிறது.

80 லட்சம் வீடுகளுக்குச் சராசரியாக 400 பவுண்டு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஆண்டுக்கு 320 கோடி பவுண்டு அளவிலான வரி இங்கிலாந்தில் விட்டுக்கொடுக்கப்படுகிறது. முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு ஆகியவற்றின் செலவு ஆண்டுதோறும் உயர்ந்துவரும் நிலையில், கவுன்சில்களுக்கு இது சிறிய தொகையன்று. பர்மிங்காம் மாநகர கவுன்சில் 2023 செப்டம்பரில் நிதிநிலை முறிந்ததாக அறிவித்து, 2024-இல் ஏறத்தாழ 10 சதவீதமும் 2025-இல் ஏறத்தாழ 7.5 சதவீதமும் வரியை உயர்த்தியது. எனினும் தனியாள் தள்ளுபடியைக் குறைக்கும் அதிகாரம் பர்மிங்காமுக்கோ இங்கிலாந்தின் வேறெந்தக் கவுன்சிலுக்கோ இல்லை. அது நாடாளுமன்றச் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது.

ஏழைகளுக்கான உதவியின் நிலை வேறு. குறைந்த வருமானமுள்ளோரின் வரிச்சுமையை ஏற்றுவந்த தேசிய அளவிலான உதவித்தொகை 2013 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதற்கான நிதியில் 10 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளூர் உதவித் திட்டங்களை வகுக்கும் பொறுப்பை அரசு கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. ஓய்வூதியர்களுக்கு மட்டும் முழுப் பாதுகாப்பு தொடர்ந்தது. உழைக்கும் வயதினர் எவ்வளவு வறியவராயினும் வரியின் ஒரு பகுதியையாவது கட்ட வேண்டும் எனப் பல கவுன்சில்கள் விதி வகுத்தன. இதன் விளைவாக, மாளிகையில் தனித்திருப்பவரின் தள்ளுபடி சட்டப் பாதுகாப்புடன் நிற்க, வேலையிழந்த தம்பதியருக்கான உதவி அந்தந்த ஊர்க் கவுன்சிலின் நிதிநிலையைப் பொறுத்ததாகிவிட்டது.

அதே 2013 ஏப்ரலில் மற்றொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. சமூகக் குடியிருப்புகளில் வாடகை உதவி பெற்று வாழும் உழைக்கும் வயதினரிடம் ஒரு படுக்கையறை உபரியாக இருந்தால் உதவியில் 14 சதவீதமும், இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 25 சதவீதமும் குறைக்கப்பட்டது. ‘படுக்கையறை வரி’ என்று எதிர்ப்பாளர்கள் அதற்குப் பெயரிட்டனர். ஏழையின் வீட்டில் காலியாக இருக்கும் அறைக்குத் தண்டனையும், சொந்த வீட்டில் தனித்து வாழ்பவரின் காலி அறைகளுக்குத் தள்ளுபடியும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நிலவின.

எதிர்ப்பவர் வாதமும் ஆதரிப்பவர் வாதமும்

பொருளியல் அறிஞர்களில் ஒரு தரப்பினர் இச்சலுகையை நீண்டகாலமாகவே எதிர்த்து வருகின்றனர். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையில் பிரிட்டன் வரி அமைப்பை ஆராய்ந்து 2011-இல் வெளியான அறிக்கை, கவுன்சில் வரிக்குப் பதிலாக வீட்டின் இன்றைய மதிப்புக்கு நேர்விகிதத்தில் அமையும் புதிய வரியைப் பரிந்துரைத்தது. குறைவானோர் வசிக்கும் வீடுகளுக்குத் தள்ளுபடி கூடாது என்பதும் அதன் நிலைப்பாடு. வீட்டுத் தட்டுப்பாடு நிலவும் நாட்டில், பெரிய வீட்டைச் சிலர் மட்டும் பயன்படுத்துவதற்கு வரி அமைப்பு ஊக்கமளிக்கலாகாது என்பதே இதன் அடிப்படை. ஆளற்ற வீடுகள் மீது கூடுதல் வரி விதிக்கவும், 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு இரு மடங்கு வரி விதிக்கவும் கவுன்சில்களுக்கு அனுமதி உண்டு. முழுவதும் காலியான வீட்டுக்கு அபராதம் போன்ற வரி, பாதி காலியான வீட்டுக்குச் சலுகை என்பது பொருந்தாமை என்று இத்தரப்பினர் கருதுகின்றனர்.

ஆதரிப்போரின் வாதத்திலும் வலு இருக்கிறது. டி பிரிவு வீட்டில் வசிக்கும் தம்பதியர் தலைக்கு 1,140 பவுண்டு கட்டுகின்றனர். அதே வீட்டில் தனியே இருப்பவர் தள்ளுபடிக்குப் பின்னும் 1,710 பவுண்டு கட்டுகிறார். ஒரே ஆளுக்கான குப்பையை அகற்றவும் ஒரே ஆள் நூலகத்தைப் பயன்படுத்தவும் அவர் தம்பதியரில் ஒருவரைவிட ஒன்றரை மடங்கு செலுத்துகிறார். வாடகை, வெப்பமூட்டும் எரிபொருள், மின்சாரம், இணையக் கட்டணம் எதையும் பகிர்ந்துகொள்ள அவருக்கு வேறொருவர் இல்லை. இந்த நோக்கில் 25 சதவீதம் போதாது, 50 சதவீதமாக உயர்த்தப்பட வேண்டும் என்று கேட்பவர்களும் உள்ளனர்.

பிரிட்டனில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தனியே வாழ்கின்றனர். மொத்தக் குடும்பங்களில் இது பத்தில் மூன்று பங்கு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். ‘சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று இவர்களிடம் கூறுவது எளிது. ஆனால் நெடுங்காலம் வாழ்ந்த தெருவையும் அண்டை வீட்டாரையும் விட்டுப் பெயர்வதும், அதே பகுதியில் கட்டுப்படியாகும் சிறிய வீட்டைத் தேடிப் பிடிப்பதும் முதிய வயதில் எளிதல்ல. துணையை இழந்த மறுநாளிலிருந்தே, நாள் கணக்கில், இந்தத் தள்ளுபடி பொருந்தத் தொடங்குகிறது. குடும்பத்தின் இரு ஓய்வூதியங்களில் ஒன்று நின்றுபோகும் வேளையில் வரியாவது கால் பங்கு குறைவது பலருக்கு மெய்யான ஆறுதல்.

பதினெட்டு வயதுக்குப் பின்

தள்ளுபடியின் விளிம்பில் வாழும் குடும்பங்களில்தான் அதன் அழுத்தம் அதிகம் உணரப்படுகிறது. 18 வயது நிரம்பாதவர்கள் வரிக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எனவே பிள்ளைகளுடன் வாழும் தனித்த தாய்க்கும் தள்ளுபடி உண்டு. மகனோ மகளோ வயது வந்து, படிப்பை முடித்து, சொற்ப ஊதியத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் தள்ளுபடி முழுவதும் நீங்கிவிடுகிறது. மணமுறிவுக்குப் பின் பிறந்த வீடு திரும்பும் மகளுக்கும், வாடகை கட்டுப்படியாகாமல் தாயிடம் வந்து தங்கும் மகனுக்கும் இதே விதிதான். வறிய வட்டாரத்தின் ஏ பிரிவு வீட்டில் இந்த இழப்பு ஆண்டுக்கு 380 பவுண்டு. உறவினருக்கு இடம் கொடுப்பவர் வரியால் இழப்படைகிறார் என்ற குறை இதிலிருந்தே எழுகிறது.

மாற்றத்தைத் தெரிவிக்காமல் தள்ளுபடியைத் தொடர்ந்து பெறுவோரைக் கண்டறிய, வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட பிற பதிவுகளுடன் கவுன்சில்கள் விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இங்கிலாந்தில் முதல் முறை 70 பவுண்டு அபராதம் விதிக்கப்படலாம். அத்துடன் விடுபட்ட காலத்துக்கான வரியும் சேர்த்து வசூலிக்கப்படும்.

தகுதியிருந்தும் சலுகையைக் கோராதவர்களும் உண்டு. முழுநேர மாணவர்கள், தொழிற்பயிற்சியாளர்களில் தகுதியுடையோர், கடுமையான மறதிநோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்டு மருத்துவச் சான்றும் உரிய உதவித்தொகைத் தகுதியும் பெற்றோர் ஆகியோர் வரிக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. மறதிநோயுற்ற கணவருடன் வாழும் மனைவி, சட்டத்தின் பார்வையில், அந்த வீட்டின் ஒரே ஆள். அவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். நோயுற்றவர் தனியே வாழ்ந்தால் வரியே இல்லை.

இந்தியர்கள் கவனிக்க வேண்டியது

பிரிட்டனில் பயிலும் இந்திய மாணவர்களுக்கு இவ்விதிகள் நேரடியாகத் தொடர்புடையவை. முழுநேர மாணவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி இல்லை. அவர்களுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தங்கினால், அவர் ஒருவரே கணக்கில் கொள்ளப்பட்டு 75 சதவீத வரி விதிக்கப்படும். படிப்பு முடிந்ததும் மாணவர் விலக்கு முடிவடைகிறது. எதிர்பாராத வரிச் சீட்டு வீடு தேடி வரும் தருணமும் அதுவே.

அரசு உதவி பெறத் தடையுள்ள விசாவில் இருப்போர், குறைந்த வருமானத்துக்கான கவுன்சில் வரி உதவியைக் கோரினால் விசா நிபந்தனையை மீறியவர்களாவர். ஆனால் தனியாள் தள்ளுபடி அந்த அரசு உதவிகளின் பட்டியலில் அடங்காது. எனவே தனியே வசிக்கும் இந்தியப் பணியாளர் அதற்கு விண்ணப்பிப்பதில் தடையில்லை.

வடக்கு அயர்லாந்தின் மாற்று வழி

பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வடக்கு அயர்லாந்தில் கவுன்சில் வரி நடைமுறைக்கு வரவில்லை. அங்கு ‘ரேட்ஸ்’ முறையே நீடிக்கிறது. வீட்டின் 2005-ஆம் ஆண்டு விலை மதிப்பு அதற்கு அடிப்படை. தனித்து வாழும் அனைவருக்குமான தள்ளுபடி அங்கு இல்லை. மாறாக, 70 வயதை எட்டித் தனியே வாழ்வோருக்கு மட்டும் 20 சதவீதத் தள்ளுபடி 2008 முதல் வழங்கப்படுகிறது. மூதாட்டியின் குறையைத் தீர்க்க அனைவருக்கும் சலுகை தேவையில்லை என்பதற்கு இது சான்று. எனினும் 40 வயதில் பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

இந்திய நகரங்களின் அணுகுமுறையும் இதற்கு நெருக்கமானது. சொத்து வரி கட்டடத்தின் பரப்பு, இடம், பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. எத்தனை பேர் வசிக்கின்றனர் என்பது பார்க்கப்படுவதில்லை. தில்லி மாநகராட்சி, குறிப்பிட்ட பரப்பளவு வரையிலான சொந்தக் குடியிருப்புக்குப் பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு 30 சதவீதத் தள்ளுபடி அளிக்கிறது. அங்கு உரிமையாளர் யார் என்பதே கேள்வி. அவர் தனியாக இருக்கிறாரா என்பதன்று.

அடுத்து என்ன?

2024 இலையுதிர்காலத்தில், கெய்ர் ஸ்டார்மர் அரசின் முதல் பட்ஜெட்டுக்கு முன்பு, தனியாள் தள்ளுபடி நீக்கப்படக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஓய்வூதியர்களுக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகை பெருமளவு குறைக்கப்பட்டிருந்த சூழலில், அந்தப் பேச்சே முதியோரிடையே கலக்கத்தை ஏற்படுத்தியது. இறுதியில் சலுகை தொடரும் என்று அரசு தெளிவுபடுத்தியது. வேல்ஸ் அரசும் வீடுகளின் மறுமதிப்பீட்டை 2028-க்குத் தள்ளிவைத்த அதே வேளையில், 25 சதவீதத் தள்ளுபடி நீடிக்கும் என உறுதியளித்துள்ளது.

இந்தத் தயக்கம் வாக்கு வங்கிக் கணக்கால் மட்டும் விளைந்ததன்று. தள்ளுபடியை மட்டும் நீக்கினால், எச் பிரிவு மாளிகையில் தனித்திருப்பவர் கூடுதலாக 1,140 பவுண்டு கட்டுவார். அவரால் அதைத் தாங்க இயலும். ஏ பிரிவு வீட்டில் வசிக்கும் மூதாட்டியும் தனித்த தாயும் கூடுதலாக 380 பவுண்டு கட்டுவார்கள். அவர்களின் வருமானத்தில் அதுவே பெருந்தொகை. 1991 விலையிலேயே உறைந்து நிற்கும் வரியின் பாரம் ஏற்கெனவே மலிவான வீடுகள் மீது விகிதாசாரத்துக்கு அதிகமாக விழுகிறது. அந்தப் பாரத்தின் ஒரு பகுதியைத் தனித்து வாழும் ஏழைகளிடமிருந்து குறைப்பது இத்தள்ளுபடிதான். அடிப்படையைச் சீராக்காமல் சலுகையை மட்டும் பறித்தால், சீர்திருத்தத்தின் விலையை எளியவர்களே கொடுக்க நேரிடும்.

20 லட்சம் பவுண்டைத் தாண்டிய வீடுகளுக்கான கூடுதல் வரிக்காக, இங்கிலாந்தில் உயர்மதிப்புள்ள வீடுகளின் இன்றைய விலை அதிகாரபூர்வமாக மதிப்பிடப்பட உள்ளது. எஞ்சிய வீடுகளுக்கும் அந்தப் பணி நீட்டிக்கப்பட்டு, வரி இன்றைய மதிப்பைப் பின்பற்றத் தொடங்கினால், தனித்து வாழ்வோரில் உதவி தேவைப்படுவோர் யார் என்ற கேள்வியை அரசு அச்சமின்றி எழுப்பலாம். அதுவரை மூதாட்டிக்கும் மாளிகைவாசிக்கும் ஒரே விகிதம் என்ற நிலையே தொடரும்.